தோண்டிப் பார்த்த லில்லி

இந்த வருஷம் என் கையால் ஒரு செடி பூத்தே தீரும் என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. பெரிய முடிவுகளையெல்லாம் நான் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பது. வாயில் நுரை இருக்கும். யார் குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு பெரியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் கைராசி அப்படி. ரோஜா வைத்தேன். முள் மட்டும் வளர்ந்தது. மல்லிகை வைத்தேன். நான் கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே இலையை உதிர்த்தது. கடைசியாக ஒரு கள்ளிச் செடி. பாலைவனத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நூறு வருஷம் வாழ்கிற ஜாதி. என் பராமரிப்பில் மூன்றே வாரத்தில் கண்ணை மூடியது.

நான் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். கடைத்தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை அளவு கடை, ஒரு மேஜை, கண்ணில் மாட்டுகிற ஒரு லென்ஸ். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதையும் பின்பக்கம் திறந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நின்றுபோன கடிகாரத்தைத் திறப்பேன், ஏன் நின்றது என்று. ஓடுகிற கடிகாரத்தையும் திறப்பேன், ஏன் ஓடுகிறது என்று.

என் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். தெருவே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். வார்டில் முப்பது பேரை அதட்டிவிட்டு, மிச்சம் மீதி அதட்டலை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவாள். வீட்டில் அதை வாங்கிக்கொள்ள நான் ஒருவன்தான்.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், செடி நர்சரி வைத்திருக்கிறான். அவனிடம் என் முடிவைச் சொன்னேன். அடுத்த நாளே ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு கிழங்கு. என் தலை அளவு இருந்தது. எனக்கு இல்லாத கழுத்து அதற்கு இருந்தது.

"மாமா, இது சாதாரண லில்லி இல்ல. கிரைனம். ஹைபிரிட்."

"அப்படின்னா?"

"ரெண்டு வேற வேற லில்லியைச் சேர்த்து உண்டாக்கினது. கலப்புக் கல்யாணம்னு வெச்சுக்குங்களேன்."

"ரெண்டு வீட்லயும் ஏத்துக்கிட்டாங்களா?"

"பூ ரோஸ் கலர் மாமா! மாரளவு தண்டு வரும். உச்சியில எட்டு பத்து மொட்டு. ஒண்ணு வாட வாட இன்னொண்ணு விரியும். சாயங்காலம் வாசனை தெருக்கோடி வரைக்கும் தூக்கும்."

நான் அந்த இடத்திலேயே கிழங்கைக் காதலித்துவிட்டேன்.

"ரெண்டே கண்டிஷன்" என்றான் மச்சான். "நல்ல வெயில் வேணும். இன்னொண்ணு, நட்டப்புறம் கை வைக்கக் கூடாது. கழுத்து மண்ணுக்கு மேல தெரியற மாதிரி நடணும், தண்ணி ஊத்தணும், மறந்துடணும். வேரை அசைச்சீங்கன்னா கோச்சுக்கும். ஒரு வருஷம் ஆனாலும் பூக்காது."

"ஒரு வருஷம் கோவமா? உங்கக்காவுக்குத் தங்கச்சியா இது?"

"மாமா, அக்கா சமையல் ரூம்லதான் இருக்கு."

"இருக்கேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இரண்டாவது கண்டிஷனை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் கண்டிஷன்தான் மலையாக நின்றது. எங்கள் கொல்லையைச் சுற்றி மூன்று பக்கமும் மாடி வீடுகள். வெயில் விழுவது ஒரே இடத்தில், மதிலோரம், எட்டடிக்கு நாலடி. அந்த எட்டடிக்கும் குறுக்கே என் மனைவியின் துணிக்கொடி.

"அந்த இடம் எனக்கு வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"அங்கதான் வெயில் இருக்கு."

"அதனாலதான் அங்க துணி இருக்கு."

"துணியை எங்க போட்டாலும் காயும்மா. செடி பூக்குமா?"

"யூனிபாரம் வெள்ளை. நிழல்ல காயப்போட்டா ஈர நாத்தம் அடிக்கும். அதைப் போட்டுக்கிட்டு நான் பிரசவம் பாக்கவா? பிறக்கிற குழந்தை மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பிறக்கும்."

அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. அதில் இருபத்தொன்பது நிமிஷம் அவள் பேசினாள். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. எங்கள் கல்யாண நாள் போன வாரம்தான் போயிருந்தது. (போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது என்பது வேறு விஷயம்.) அடுத்த கல்யாண நாள் வரை கெடு. கொடிக்குக் கீழே ஒரு ஓரத்தில் நான் நட்டுக்கொள்ளலாம்.

"அதுக்குள்ள ரோஸ் கலர் பூ செடியில பூத்து நின்னா, வெயில் மொத்தமும் உங்களோடது. கொடி பக்கத்துச் சந்துக்குப் போயிடும்" என்றாள்.

"பூக்கலைன்னா?"

"காலம் பூரா வெயில் என்னோடது. துணி துவைக்கறது, காயப்போடறது, எடுக்கறது, மடிக்கறது எல்லாம் உங்களோடது."

"சம்மதம்!" என்று கையை நீட்டினேன். அவள் கையைக் குலுக்கவில்லை. நகத்தைப் பார்த்தாள். "போய்க் கழுவுங்க" என்றாள்.

நட்டேன். கழுத்து வெளியே தெரிய, மச்சான் சொன்ன மாதிரியே நட்டேன். தண்ணீர் ஊற்றினேன். திங்கள் பொறுத்தேன். செவ்வாய் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை கை அரிக்க ஆரம்பித்தது. உள்ளே என்ன நடக்கிறது? வேர் விட்டதா? அழுகிவிட்டதா? மண்ணுக்குக் கீழே ஒரு ஜீவன் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் ஒரு கடிகாரக்காரன் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவான்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் காலை டியூட்டி. ஆறரைக்குக் கிளம்பினாள். ஆறு முப்பத்தொன்றுக்கு நான் தோண்டினேன்.

கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினேன். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அடியில் வெள்ளை வெளேரென்று இரண்டு வேர், குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் காதில் வைத்துக்கூடக் கேட்டேன். பிறகு பத்திரமாகத் திரும்ப நட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் குளித்தேன்.

இரண்டாவது ஞாயிறும் தோண்டினேன். அன்று மத்தியானம் அவள் கொல்லையில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, கிழங்கை வெளிய எடுத்தீங்களா?"

"நானா? சேச்சே."

"காலையில கழுத்து கிழக்கே சாஞ்சிருந்துச்சு. இப்ப மேற்கே சாஞ்சிருக்கு."

"சூரியனைப் பாத்துத் திரும்பியிருக்கும்."

"அது சூரியகாந்தி."

"இது ஹைபிரிட்டும்மா. எல்லாக் குணமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்."

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "இத பாருங்க. பத்தொன்பது வருஷமா பிரசவ வார்டுல இருக்கேன். உள்ள என்ன ஆச்சு, உள்ள என்ன ஆச்சுன்னு யாராவது வாராவாரம் வெளிய எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப உள்ள வெக்கறாங்களா?"

"ஸ்கேன் எடுக்கறாங்களே!"

பதில் பிரமாதம் என்று எனக்கே தோன்றியது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அந்த மௌனத்தை நான் என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்துவரும் தப்பு அது.

மூன்றாவது ஞாயிறு தோண்டியபோது ஆச்சரியப்பட்டுப் போனேன். ஒரே வாரத்தில் கிழங்குக்கு அப்படி ஒரு தெம்பு! கழுத்து தடித்திருந்தது. தோல் பச்சை தட்டியிருந்தது. வேரெல்லாம் கயிறு மாதிரி. ஆளே மாறிவிட்டது. வாரம் ஒருமுறை காற்றாட வெளியே எடுப்பது செடிக்கு எவ்வளவு நல்லது என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். இதை மச்சானுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவன் இருமினான்.

அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. எடுப்பேன், தட்டுவேன், லென்ஸ் போட்டுப் பார்ப்பேன், நடுவேன். அது சளைக்கவே இல்லை. பட்டை பட்டையாக இலை விட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் தோட்டக்கலையைப் பற்றிப் பேசினேன். வாட்சை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தவர்களையும் நிறுத்திவைத்துப் பேசினேன்.

பக்கத்து வீட்டில் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் தனியாக இருக்கிறார். தோட்டத்தில் சோபாவுக்குப் பதில் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாரளவு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் வைத்தியத்தைப் பார்ப்பார்.

"சார், கிரேன் எப்படி இருக்கு?"

"கிரேன் இல்ல டிரைவர். கிரைனம்."

"வாராவாரம் தூக்கித் தூக்கி வெக்கறீங்களே, அதான் கிரேன்னு நினைச்சேன். ஏன் சார், ஓடற வண்டியில இப்படி என்ஜினை இறக்கி இறக்கிப் பாத்தா எப்படி சார் ஊர் போய்ச் சேரும்?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"அது வாஸ்தவம்தான் சார்" என்று சிரிப்பார். கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார். அவருக்குப் பிரஷர் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். டியூட்டி முடிந்து வந்ததும் தினமும் அவர் வீட்டுக்குப் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வருவாள். ஆள் என்னவோ காளை மாதிரி இருந்தார். பிரஷர் வெளியே தெரியாது என்றாள் அவள். நானும் அனுதாபப்பட்டேன்.

மாதங்கள் ஓடின. கல்யாண நாளுக்குப் பத்து நாள் இருந்தது. என் செடியில் இருபது இலை. தண்டு இல்லை. மொட்டு இல்லை. பேசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். "ஏண்டா, நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று கேட்டேன். இலை ஆடியது. அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வெயிலுக்காக மட்டும் இல்லை, துணி துவைப்பதற்குப் பயந்தும் இல்லை. ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்குத் தன் கை பட்டு ஒரே ஒரு பூ பூக்க வேண்டும் என்று ஆசை இருக்கக் கூடாதா? தெருவில் போகிற மாடு தின்கிற செடிகூடப் பூக்கிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கல்யாண நாளுக்கு நான்கு நாள் முன்னால், காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். திறந்தவன் அப்படியே நின்றேன்.

மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. டிரைவர் தலை இல்லை. ரோஸ் கலர் தலை. பருத்த தண்டின் உச்சியில் ஒரு பூ விரிந்து, மற்ற மொட்டுகள் கீழே தொங்கிக்கொண்டு, இளம் ரோஸ் நிறத்தில் காலை வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது.

மதிலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். மதிலை ஒட்டி அந்தப் பக்கம், நான் ஒருநாளும் குனிந்து பார்த்திராத மூலையில், கும்மென்று ஒரு கிரைனம். என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானை சோறு வடித்திருக்கலாம்.

"டிரைவர்! டிரைவர்!"

வந்தார். பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்த மாதிரி முழித்தார்.

"இது என்ன?"

"பூவுங்க சார்."

"அது தெரியுது. எங்கேருந்து வந்தது?"

"அது... தானா வந்துதுங்க."

"ஹைபிரிட் தானா வருமா? யாரோட செடி இது?"

"என்னோடது இல்லைங்க."

"உங்க தோட்டத்துல இருக்கே!"

"என் பஸ்ல ஏறினவங்க எல்லாம் என் சொந்தக்காரங்களா சார்?"

"சரி, எனக்கு ஒரு உதவி செய்யுங்க. அந்தத் தண்டை எனக்குக் குடுத்துடுங்க."

டிரைவர் இரண்டு கையையும் விரித்துச் செடியை மறைத்தார். "ஐயோ, கேக்காதீங்க சார். நாலே நாலு நாள் பொறுத்துக்குங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

நாலு நாள் பொறுத்தால் கெடு முடிந்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆக, ஆள் என் மனைவி கட்சி. நான் தோற்க வேண்டும் என்று நினைக்கிறார். என் ரத்தம் கொதித்தது. அன்று பல் தேய்க்கும்போது அடுத்த பெரிய முடிவை எடுத்தேன்.

கல்யாண நாள் வந்தது. இந்தத் தடவை ஞாபகம் வைத்துக்கொண்டு வாழ்த்துகூடச் சொன்னேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். "சாயங்காலம் எங்கயும் போயிடாதீங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள். புதுப் புடவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவர் சாப்பிட்டதும் பஸ் சீட்டில் படுத்துத் தூங்குவார். மூன்று நாளாக வாட்சைக் கையில் பிடித்து அவர் குறட்டையை அளந்து வைத்திருந்தேன். ஒன்றரைக்கு ஃபர்ஸ்ட் கியர். ஒன்றே முக்காலுக்கு செகண்ட். இரண்டு அடிக்கும்போது டாப் கியரில் மலை ஏறும். இரண்டு முப்பதுக்கு என்ஜின் அணையும். என் மனைவி வருவது இரண்டே முக்காலுக்கு.

இரண்டு மணிக்கு முக்காலியைப் போட்டு மதில் மேல் ஏறினேன். ஏறுவது சுலபம் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சொல்லலாம். ஒரு கால் இந்த வீட்டில், ஒரு கால் அந்த வீட்டில், வயிறு மதிலில், வாயில் காய்கறிக் கத்தி. அந்த நேரம் பார்த்துக் குறட்டை சட்டென்று நின்றது.

நான் மூச்சைப் பிடித்தேன்.

"படியில தொங்காதீங்க" என்றார் டிரைவர். கண் மூடியிருந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க."

சொன்னபடி கேட்டேன். உள்ளே குதித்தேன். தண்டை அடியில் வெட்டினேன். பூ ஒன்றுக்கு நாலாக விரிந்திருந்தது. அந்த வாசனை நெஞ்சை நிறைத்தது. பாவம் செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் டிரைவர் மறுபடி ஃபர்ஸ்ட் கியர் போட்டார். நானும் கிளம்பிவிட்டேன்.

இந்தப் பக்கம் வந்து, என் செடியின் இலைகளுக்கு நடுவே தண்டைச் சொருகினேன். ஆடியது. ஒரு குச்சியை நட்டு, மனைவியின் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துச் சுற்றினேன். வாட்சுக்குள் வினாடி முள்ளைப் பொருத்துகிற கை இல்லையா? பிசகில்லாமல் நின்றது. இலையால் பிளாஸ்திரியை மறைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நான்தான் வளர்த்தேன்!

இரண்டே முக்காலுக்கு அவள் வந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வா" என்று கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். "இப்பத் திற! பாத்தியா? பூத்துடுச்சு! இன்னைக்குன்னு பாத்துப் பூத்துடுச்சு!"

அவள் பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

பிரசவ வார்டில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் அழுது நான் பார்த்ததில்லை. நெகிழ்ந்துபோனேன். "அட, சந்தோஷத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றேன்.

"வெட்டிட்டீங்களே!" என்றாள்.

"எதை?"

"என் பூவை!"

"உன் பூவா? அது டிரைவர் வீட்டு..." என்று ஆரம்பித்து, உளறிவிட்டது தெரிந்து நாக்கைக் கடித்தேன்.

"டிரைவர் வீட்டுலதான் வளர்ந்தது. என் தம்பி கொண்டுவந்து குடுத்த கிழங்கு. உங்க கிழங்கு!"

"அப்ப நான் இங்க வளர்த்தது?"

"ஆஸ்பத்திரி வாசல்ல சாக்கடை ஓரம் வளர்ற வெள்ளை லில்லி. லாரி ஏறினாலும் சாகாது. ரெண்டாவது வாரமே மாத்தி வெச்சுட்டேன். உங்க கையைத் தாங்கணுமே!"

தலை சுற்றியது. வாராவாரம் ஆரத் தழுவித் தோண்டியது சாக்கடை லில்லியையா? ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அதைப் பற்றியா?

"டிரைவருக்குப் பிரஷர்?"

"அவருக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கார். தினமும் போய்த் தண்ணி ஊத்தினேன். ஒருநாளும் மண்ணைக் கிளறலை."

"இவ்வளவும் எதுக்கும்மா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு செடி சாகும்போதும் நீங்க ஒருவேளை சாப்பிட மாட்டீங்க. அந்தக் கள்ளிச் செடிக்கு ரெண்டு வேளை சாப்பிடலை. எனக்குப் பாக்க சகிக்கலை. ஒண்ணாவது உங்க பேரைச் சொல்லிப் பிழைக்கட்டும்னு நினைச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் அங்க கூட்டிட்டுப் போய், இது உங்களுதுதான், நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். கொடி கட்டறதுக்குச் சந்துல ஆணி அடிச்சாச்சு. புதுக் கயிறு வாங்கி வெச்சாச்சு."

இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, இவள் வருவதற்குள் மதில் ஏறிக் குதித்திருக்கிறேனே! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அவள் தண்டின் பக்கத்தில் குனிந்தாள். இலையை விலக்கினாள்.

"இது என்னது? பிளாஸ்திரியா?"

"உன் பெட்டியிலேருந்து எடுத்தேன்."

"ரெண்டு சுத்துப் போட்டு, முனையை ஓரமா விட்டு... பரவாயில்லையே! வார்டுக்கு வரீங்களா?"

சிரிக்க ஆரம்பித்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்புச் சத்தத்தில் டிரைவர் எழுந்து, தண்டில்லாத செடியையும் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், சத்தியமா நான் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போதே ஒப்பந்தத்தை முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை.

"அப்ப ஜெயிச்சது நான்தானே? கிழங்கு என்னோடது. பூத்தாச்சு. கெடு இன்னைக்கு வரைக்கும் இருக்கு."

"செடியில பூத்து நிக்கணும்னுதானே பேச்சு? இப்ப எதுல நிக்குது?"

"பிளாஸ்திரியில."

"வெட்டினது யாரு?"

"டிரைவர், நீங்களே நியாயம் சொல்லுங்க!" என்று மதில் பக்கம் திரும்பினேன்.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "வண்டி ஸ்டாண்டுக்கு வந்து நின்னாதான் சார் டிரிப்பு முடிஞ்சதா அர்த்தம். நீங்க ஸ்டாண்டு வாசல்ல வந்து டயரைக் கழட்டிட்டீங்க."

தீர்ப்பு ஆகிவிட்டது. பூத்தண்டைக் குடத்துத் தண்ணீரில் நிறுத்தி நடு அறையில் வைத்தோம். மிச்ச மொட்டுகள் ஒவ்வொன்றாக அங்கேயே விரிந்தன. வீடே மணந்தது. மூன்றாம் நாள் டிரைவர் மதிலைத் தட்டி, "சார்! சிஸ்டர்! ஓடி வாங்க, இலைக்கு நடுவுல இன்னொரு மூக்கு தெரியுது!" என்று கத்தினார். ஓடினோம். இரண்டாவது தண்டு! போனில் மச்சானுக்குச் சொன்னேன். நல்ல கிழங்கு அப்படித்தான் அடுத்தடுத்துத் தண்டு விடும் என்றான். இங்கே மாற்றி நடலாமா என்று கேட்டேன். "மாமா, உங்க கால்ல விழறேன்" என்றான்.

அதனால் என் லில்லி டிரைவர் வீட்டில் இருக்கிறது. மனைவி அதற்குப் பார்வையாளர் நேரம் வைத்திருக்கிறாள். மாலை நாலிலிருந்து ஆறு. தொடக் கூடாது. பதினாறாவது நாள் முதல் மொட்டு விரிந்தது. பஸ் சீட்டில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தோம். என் பேரில் ஒரு பூ! அப்படிப்பட்ட சாயங்காலம் என் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. இப்போது வெயிலைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. ஒப்பந்தப்படி துணி துவைக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதிலும் எனக்குக் கைராசி இருக்கிறது.

போன ஞாயிறு மனைவிக்கு லீவு. கொல்லையில் நின்று ஒரு கம்பால் வெயிலை அளந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் புதுக் கயிறு சும்மா கிடக்கு. இங்க ரெண்டாவது கொடி கட்டினா உங்களுக்கும் வசதிதானே?"

"கம்பு நட குழி வேணுமே. இந்த மண்ணு பாறை மாதிரி" என்றேன். தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன்.

அவள் சாக்கடை லில்லியை ஒட்டி, நான் வாராவாரம் தோண்டிய இடத்தைக் கம்பால் ஒரு குத்துக் குத்தினாள். கம்பு முழங்கை ஆழம் சரக்கென்று இறங்கி, ஆடாமல் நின்றது.

"பாறையா இருந்துச்சு. நீங்க ஒரு வருஷமா பதமாக்கி வெச்சுட்டீங்க" என்று சொல்லி, ஈர யூனிபாரத்தை என் தோளில் போட்டாள்.